ஆயிரம் தடவை தாண்டிய கேட்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"நேத்து இந்த கேட்ட ஆயிரம் தபா தாண்டினேன்டி" என்றாள் ஒருத்தி.

கணக்குப் பாடத்தில் அரியர்களால் புகழ்பெற்ற நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"காலு வலிக்கல?"

"கம்ப்யூட்டர்லடி. ஸ்டாட்ஸ் மிஸ்ஸு சொல்லிக் குடுத்தாங்கல்ல, அதே மாரி. கேட் எப்ப மூடும், எப்ப தொறக்கும்னு அதுவே ஆயிரம் தபா மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குது. எட்டரைக்குக் கெளம்பினா பத்துக்கு ஒம்போது தபா டைமுக்குப் பூடலாமாம்."

"அப்ப இது இன்னா?"

"அந்த பத்தாவது தபா."

"நல்லா வருவ! ஒம்போது மணிக்கு டெஸ்டு. லேட்டா போனா மிஸ்ஸு உள்ள வுட மாட்டாங்க."

கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் ஊர்ந்தது. வெளியே எட்டிப் பார்த்த முதல் பெண் குலுங்கிச் சிரித்தாள்.

"பின்னாடி ஸ்கூட்டில பாரு. மிஸ்ஸு!"

"ஐயே, கைல கொஸ்டின் பேப்பர் கட்டு வேற!"

"மிஸ்ஸும் மாட்டுவாங்கன்னு நான் கம்ப்யூட்டர்ல போடவே இல்லியேடி!"