எப்சிபா இணைத்ததை அறுத்தது யார்?

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாக இயக்குநர் பாண்டியராஜ் அவர்களே, மகள் எப்சிபாவைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரெபேக்காள் அம்மா அவர்களே, எங்கள் மோட்டார் கம்பெனித் தோழர்களே, அந்த மோட்டாரை நம்பி வாங்கிய விவசாயப் பெருமக்களே! அசெம்பிளி மேற்பார்வையாளர் தளவாய் பேசுகிறேன். இந்தக் குற்றால மண்டபத்துக்கு வெளியே மழை கொட்டுகிறது. உரக்கத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் பொறியாளர் எப்சிபா என்ன செய்தார்? டிசைனுக்குத் தெரிந்தது அசெம்பிளிக்குத் தெரியாது, சர்வீஸுக்கு வந்த புகார் டிசைனுக்குப் போகாது என்று கிடந்த கம்பெனியை ஒன்றாக இணைத்தார். மோட்டாரில் ஒட்டிய க்யூஆர் கோடைப் போனில் காட்டினால் போதும். அதன் வரைபடம் எது, ரப்பர் சீல் யாரிடம் வாங்கியது, யார் தோட்டத்தில் ஓடுகிறது, என்ன புகார் வந்தது, எல்லாம் வரும்!

நாம் என்ன செய்தோம்? ஆயுத பூஜைக்கு அந்தக் கோடு மேலேயே சந்தனத்தை அப்பினோம்! எப்சிபா துணியும் கையுமாக ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தார். "அண்ணாச்சி, பொட்டு வைங்க, வேண்டாங்கல. கொஞ்சம் தள்ளி வச்சா சாமி கோவிச்சிக்கிடுமா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

திருவேங்கடத்து விவசாயி முப்பிடாதி, மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று புகார் கொடுத்தார். அன்றைக்கே எப்சிபா கண்டுபிடித்தார். புதிதாக வாங்கிய சீல் வழியாக மோட்டாருக்குள் தண்ணீர் கசிகிறது. கரண்ட் வெளியே வருகிறது. அதே சீல் போட்டவை யார் யார் தோட்டத்தில் ஓடுகின்றன என்பதும் திரையில் வந்தது. எல்லாவற்றையும் திரும்ப வாங்குவோம் என்று மன்றாடினார். நிர்வாகம் சீலையா மாற்றியது? எப்சிபாவின் இணைப்பை அல்லவா அறுத்தது! "ஊர் பூரா தெரிஞ்சா கம்பெனி பேரு என்னத்துக்கு ஆவும்? சர்வீஸ்காரிக்கு இதெல்லாம் எதுக்கு?" கேட்டது யார்? தலையைக் குனியாதீர்கள், பாண்டியராஜ் அவர்களே!

போன வாரம் அச்சன்புதூரில் இருந்து அழைப்பு. தண்ணீர் குறைவாக வருகிறது என்றார்கள். ஷாக் என்று ஒரு வார்த்தை இல்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் கோடைப் போனில் காட்டினார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. உள்ளே எந்தச் சீல் என்று தெரியாமலேயே குழாயில் கை வைத்தார்.

அடப் பாவிகளா! அந்தப் பிள்ளை கட்டியதைப் பார்க்க அந்தப் பிள்ளைக்கே அனுமதி இல்லையா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு மாலை போட்டுப் போவது சுலபம். தோழர்கள் சார்பில் சொல்கிறேன்: அறுத்த இணைப்பைத் திரும்பக் கொடுக்கும்வரை ஒரு மோட்டாரும் கம்பெனி கேட்டைத் தாண்டாது.

விவசாயப் பெருமக்களே, அந்தச் சீல் உங்களில் யார் மோட்டாரில் இருக்கிறது என்று எங்களால் இன்றைக்குச் சொல்ல முடியாது. திரை மூடிக் கிடக்கிறது. ஜெபம் அப்புறம் ஆகட்டும். முதலில் போனை எடுத்து வீட்டுக்குப் பேசுங்கள். மெயினை அணைக்கச் சொல்லுங்கள், யாரையும் குழாய்ப் பக்கம் போகவிடாதீர்கள்.

பேசுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்.