சாவிக்கொத்தும் கோடு போட்ட சட்டையும்

ஜூலை 8, செவ்வாய். வழக்கம்போல் செவ்வாய்க்குரிய கோடு போட்ட சட்டையுடன் கீழ்பென்னாத்தூரில் 7.40 பஸ் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் கைக்குழந்தையோடு கணவன் மனைவி.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. சாவிக்கொத்த ஆட்டுனா திரும்பறானே," என்றார் கணவர், கையிலிருந்த கொத்தைக் குலுக்கிக்கொண்டே.

"அது காதுக்கு டெஸ்ட்டுங்க. டாக்டரு சத்தமில்லாம ரெண்டு அட்டை காட்டுவாராம். ஒண்ணுல கோடு, ஒண்ணு வெறும் சாம்பல் கலரு. கண்ணு தெரிஞ்சா கோட்டத்தான் பாக்குமாம்."

"பாக்கலைன்னா?"

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். குழந்தையின் பார்வை என் சட்டையில் நின்றது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். பார்வையும் கூடவே வந்தது.

கணவர் திரும்பிப் பார்த்தார். "ஏய், இங்க பாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பாஸாயிட்டான்."

சாவிக்கொத்து அவர் பைக்குள் போனது.

புதன் காலை முதல் வேலையாக, அன்றைக்குரிய வெள்ளைச் சட்டையை ஒதுக்கிவிட்டு, கோடு போட்டதையே மறுபடி இஸ்திரி போட்டேன்.