வியாழக்கிழமை வீட்டிலை ஒரு ஆள் வேணும்

இல்லை அண்ணை, எழும்பாதேங்கோ. தேத்தண்ணிக்கு நான் காசு குடுத்திட்டன். ரோல்ஸைச் சாப்பிட்டு முடியுங்கோ, ஆறினா வாயிலை வைக்கேலாது. நான் சொல்ல வந்ததிலை பாதிகூடச் சொல்லேல்லை.

ஓம், ஷோஃபாஜ் கதைதான். வீட்டைச் சூடாக்கிற அந்தக் காஸ் பெட்டி. உங்களுக்கு அந்த வேலை தெரியாது எண்டு எனக்குத் தெரியும். கடைக்காரத் தம்பி சொன்னவர், நீங்கள் குசினி வேலை, இப்பதான் ஸ்ட்ராஸ்பூர்க்காலை வந்து நிக்கிறியள் எண்டு. திருத்தத் தெரிஞ்ச ஆள் வேணுமெண்டால் நான் வேறை ஆளிட்டைப் போயிருப்பன். ஐயோ, காசும் கேக்க வரேல்லை, நீங்கள் ஏன் பொக்கற்றைத் தடவுறியள். இருந்து கேட்டாக் காணும்.

என்ரை பேர் கலாவதி. கார்ஜ் எண்ட ஊரிலை, ஆஷ்எல்எம் எண்டு அரசாங்கம் குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கிற வீட்டிலை இருக்கிறன், நாலாம் மாடி. நானும் என்ரை மகள் விதுர்ஷாவும். ம்… இவரும்தான். இவரின்ரை பேரிலைதான் வீடு. பொறுங்கோ, அதுக்கு வாறன்.

பொங்கல் முடிஞ்ச கையோடை பெட்டி நிண்டிட்டுது. உள்ளுக்கை அடியிலை ஒரு குட்டி நெருப்பு எப்பவும் எரிஞ்சுகொண்டு இருக்கும், பாத்திருப்பியள். பட்டனை அமத்திப் பிடிச்சா எரியுது, கையை எடுத்தா நூந்து போகுது. எடுத்தா நூந்து போகுது. விரல் நோக நோக நானும் அதுக்கு முன்னாலை நிண்டு பிடிச்சுப் பாத்தன். குளிருக்கு ஒரு மனிசி பட்டனைப் பிடிச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் நிக்கலாம், சொல்லுங்கோ.

என்ரை பிசகு எங்கை தெரியுமோ. தபால் பெட்டிக்கை ஒரு காட் வந்து கிடந்தது. மேலை நீலம், வெள்ளை, சிவப்பு. கீழை பொலிஸ் நம்பர், நெருப்பணைக்கிறவையின்ரை நம்பர், அதுக்குக் கீழை காஸ், குழாய், பூட்டு எண்டு வரிசையா நம்பர். அரசாங்கம் அனுப்பினதெண்டு நினைச்சு நான் அதைப் பிரிஜ்ஜிலை ஒட்டி வைச்சிருந்தனான். சிரிக்காதேங்கோ, எங்கடை ஆக்களின்ரை வீடுகளுக்குப் போய்ப் பாருங்கோ, பாதி வீட்டிலை ஒட்டியிருக்கு. கொடி நிறத்தைக் கண்டா எங்களுக்கு ஒரு மரியாதை, ஒரு பயம். அந்த நம்பருக்குத்தான் அடிச்சன்.

வந்தான் ஒருத்தன். வடிவான பெடியன், செண்ட் மணக்க மணக்க. மூடியைக் கழட்டினான், டோர்ச் அடிச்சான், செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரித் தலையை ஆட்டினான். பெட்டி முழுக்கப் பழுதாம். விஷக் காஸ் வருமாம். ராவிலை நித்திரையிலையே பிள்ளையும் நானும் போயிடுவமாம். சொல்லிக்கொண்டே குழாயை இறுக்கிப் பூட்டி, பெட்டியிலை ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிப்போட்டான். பிறகு இருந்து தெவி எழுதினான், இவ்வளவு முடியும் எண்டு வேலைக்கு முதல் எழுதித் தாற கடுதாசி. புதுப் பெட்டி பூட்ட ஐயாயிரத்துச் சொச்சம். இண்டைக்கே கையெழுத்து வைச்சாத்தான் அந்த விலையாம், நாளைக்கெண்டாக் கூடுமாம்.

வைக்கேல்லை. எப்பிடி வைக்கிறது. அவன் என்னட்டை வைக்கச் சொல்லேல்லையே. மிசியூ எங்கை, மிசியூ வைக்கட்டும் எண்டான். இவர் வேலைக்குப் போட்டார் எண்டு சொன்னன். வந்து போன கூலியை மட்டும் உரிச்சு எடுத்துக்கொண்டு போனான். எங்கடை வயித்தெரிச்சல் அவனைச் சும்மா விடாது.

எபினேயிலை இராயப்பு அண்ணை எண்டு ஒருத்தர் இருக்கிறார், இந்தப் பெட்டியள் பாக்கிறவர். அழுது குளறி அவரைக் கூப்பிட்டன். நல்ல மனிசன், வந்து குனிஞ்சு பாத்தார். தங்கச்சி, அந்தக் குட்டி நெருப்புக்குப் பக்கத்திலை ஒரு கம்பி இருக்கு, அது பழுதாப் போச்சு, வேறை ஒண்டுமில்லை எண்டார். இப்ப நீங்களும் நானும் குடிச்ச தேத்தண்ணியும் ரோல்ஸும் இருக்கே, கிட்டத்தட்ட அந்தக் காசுதான் கம்பி. எனக்கு உயிர் வந்துது. பிறகு நிமிந்தார், ஸ்டிக்கரைக் கண்டார், திருத்திற சாமானுகளைத் திரும்பப் பையுக்கை வைச்சிட்டார். அதை ஒட்டினாப் பிறகு தான் தொட்டு நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது எண்டார். தனக்கும் மூண்டு பிள்ளையள் எண்டார். அவரிலை பிழை சொல்ல மாட்டன். போகேக்கை தன்ரை கையுறையைக் கழட்டிப் பிள்ளைக்குக் குடுத்திட்டுப் போனவர். அவளுக்கு முழங்கை வரைக்கும் வருது.

கரண்ட் ஹீட்டரோ? வாங்கினன், இந்தத் தெருவிலைதான் வாங்கினன். அதைப் போட்டா வீட்டிலை மிச்சமெல்லாம் நூந்து போகுது. சோறு காய்ச்சிறதோ, குளிர் காய்ஞ்சுகொண்டு இருக்கிறதோ, ஏதாவது ஒண்டு. தண்ணியைச் சட்டியிலை கொதிக்க வைச்சுக் குசினிக்குள்ளை வைக்கிறன். ஆவிக்கு சுவரெல்லாம் வேர்த்துக் கறுப்பாப் பூத்துப் போச்சு. பிள்ளைக்கு இழுப்பு, அண்ணை. ஆஸ்மா. பம்பு அடிச்சு அடிச்சு நெஞ்சு கோழிக்குஞ்சு மாதிரித் துடிக்குது. நான் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுக்கிறன், அந்த இழுவைச் சத்தத்தை அவளின்ரை முதுகாலை கேட்டுக்கொண்டு கிடக்கிறன். எனக்கு ஒண்டும் வேண்டாம், அந்தச் சத்தம் நிண்டாக் காணும்.

அவளும் வாயை வைச்சுக்கொண்டு இருக்கிறேல்லை. பள்ளிக்கூடத்திலை டீச்சர் ஏன் நித்திரை தூங்குறாய் எண்டு கேட்டிருக்கிறா. இவள் பிரெஞ்சிலை வடிவாச் சொல்லியிருக்கிறாள், நாங்கள் ஜக்கெட்டோடைதான் படுக்கிறனாங்கள், அம்மா அடுப்புக் கதவைத் திறந்துவிட்டு என்னை அதுக்கு முன்னாலை இருத்துறவ எண்டு. உடனை அவையள் சோசியாலுக்கு, பிள்ளையளைக் கவனிக்கிற அரசாங்க ஆக்களுக்கு, அறிவிச்சிட்டினம். அடுத்த கிழமை ஒரு மனிசி வீட்டைப் பாக்க வருகுதாம். வந்து அந்தச் சிவப்பு ஸ்டிக்கரையும் கறுத்த சுவரையும் கண்டுதெண்டா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம், அண்ணை. இஞ்சை செய்வினம். எனக்குப் பேப்பரும் இல்லை, என்ரை அகதிக் கேஸ் ரெண்டு தரமும் தள்ளுப்பட்டுப் போச்சு. நான் ஆரிட்டைப் போய் நிக்கிறது.

ஓம், கேளுங்கோ. எல்லாரும் கடைசியிலை இந்தக் கேள்வியிலைதான் வந்து நிக்கினம். ஆஷ்எல்எம் வீடெண்டா பெட்டி அவையின்ரைதானே, அவையின்ரை ஆள் வந்து சும்மா திருத்தித் தருவான்தானே, முதலே ஏன் அவையைக் கூப்பிடேல்லை எண்டுதானே கேக்கிறியள். சரியான கேள்வி. கூப்பிட்டிட்டன். வேறை வழியில்லாமல் திங்கக்கிழமை கூப்பிட்டிட்டன். வியாழன் பத்து மணிக்கு வருவினம். ஒரு சதம் இல்லை. கம்பியை மாத்தி, ஸ்டிக்கரைக் கிழிச்சு, எல்லாம் சரி எண்டு எழுதித் தருவினம். ஆனா ஸ்டிக்கர் ஒட்டின வீடெண்டபடியாலை, வாடகைக்கு இருக்கிற ஆள் நேரை நிக்க வேணுமாம். அவரே தன்ரை விசாக் கார்ட்டைக் காட்டி அவரே கையெழுத்து வைக்க வேணுமாம். பெண்சாதி நான் நிண்டாக் காணாதோ எண்டு கேட்டன். வீட்டுப் பத்திரத்திலை உங்கடை பேர் இல்லையே மதாம் எண்டு போனிலை கதைச்ச பிள்ளை சொல்லுது. இல்லைத்தான். நாங்கள் திருச்சியிலை கோயிலிலை தாலி கட்டினனாங்கள். சண்டை முடிஞ்சு அடுத்த வருசம் நான் இஞ்சை வந்து சேந்தனான். என்ரை கார்ட் வரட்டும், பிறகு மெரியிலை, நகரசபையிலை, கலியாணத்தைப் பதிவம், பிறகு வீட்டிலையும் பேரைப் போடுவம் எண்டார். எங்கடை ஆக்களுக்கு எல்லாம் கார்ட் வந்தாப் பிறகுதானே. நகை வாங்கிறதும் கார்ட் வந்தாப் பிறகு, கலியாணத்தை எழுதுறதும் கார்ட் வந்தாப் பிறகு.

அவர் லீவு போட ஏலாதோ எண்டு கேக்கிறியள். ஏலாது அண்ணை. அவர் போய் இந்த மாசியோடை ஒரு வருசம் ஆகுது. வேலை செய்த ரெஸ்ரோறண்டிலை, மா குழைச்சுக்கொண்டு நிண்டவர், அப்பிடியே சரிஞ்சிட்டார். அரியரத்தினம் எண்டு பேர். நீங்கள் அறிஞ்சிருக்க மாட்டியள், ஸ்ட்ராஸ்பூர்க்கிலை இருந்தனீங்கள்தானே. செத்தவீட்டுக்குத் தமிழாக்கள் எல்லாரும் வந்தவை, இந்தத் தெருவிலை படம் போட்டு நோட்டீசும் ஒட்டினவை. ஆஷ்எல்எம்முக்குத்தான் நான் சொல்லேல்லை. சொன்னா வீடு போயிடும் எண்டு பயந்து இருந்திட்டன். மற்றாக்களின்ரை பிள்ளையளைப் பாத்து, அங்கை இங்கை துடைச்சு, வாடகையை மாசம் மாசம் அவர் பேரிலை கட்டிக்கொண்டு வாறன்.

பொட்டைப் பாக்கிறியள். ஓம், வைச்சிருக்கிறன். ஊர்ச் சனம் கதைக்குதுதான், கதைக்கட்டும். கீழை ஆஷ்எல்எம்காரர் காவலுக்கு வைச்ச ஜிஸ்லேன் எண்டு ஒரு மனிசி இருக்கிறா, இருவது வருசமாத் தமிழாக்களோடை பழகின வெள்ளைக்காரி. பொட்டில்லாட்டி அதுக்கு என்ன அர்த்தம் எண்டு அவவுக்குத் தெரியும். அதுதான் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு வைக்கிறன். அவரின்ரை செருப்பும் கதவடியிலைதான் கிடக்கு. ராவேலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். வைக்கேக்கை ஒவ்வொரு முறையும் எனக்குக் கை கூசும், அண்ணை. ஆனா குளிர் கூச்சத்தைப் பாக்குதே.

எழும்பாதேங்கோ. நான் கள்ளி இல்லை. போன கிழமை இதே மேசையிலை நீங்கள் இருக்கேக்கை, கையிலை மரக்கறிப் பையோடை நான் அப்பிடியே நிண்டிட்டன். கார்ட்டிலை இருக்கிற படத்திலை அவருக்கும் இப்பிடித்தான் நெத்தி ஏறியிருக்கும், மீசையும் இப்பிடித்தான். வெள்ளைக்காரனுக்கு அது காணும். இதிலை மாட்டுப்பட்டா உங்களுக்கும் கரைச்சல்தான், எனக்கு விளங்காமல் இல்லை. நீங்கள் மாட்டன் எண்டால் நான் ஒண்டும் சொல்ல மாட்டன். வேறை முகம் தேட நாள்தான் இல்லை.

நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். குளிருக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு என்னோடை படியேறி வாங்கோ. கதிரையிலை இருங்கோ. திருத்த வாறவன் கேட்டா ஓம் எண்டு தலையை ஆட்டுங்கோ. அவரின்ரை கையெழுத்து லேசு, கோழி கிளறினது மாதிரி, இதிலை ரெண்டு தரம் எழுதிப் பாருங்கோ. நான் உங்களை அங்கையும் அண்ணை எண்டுதான் கூப்பிடுவன். அவனுக்கு என்ன விளங்கப் போகுது, அது உங்கடை பேர் எண்டு நினைச்சுப்போட்டு இருப்பான். அவரைக் கூப்பிட்ட மாதிரி, இஞ்சாருங்கோ எண்டு, அது என்ரை வாயிலை வராது. அதைக் கேக்காதேங்கோ.

விதுர்ஷாவுக்குச் சொல்லிப்போட்டன். ஒரு மாமா வருவார், கொஞ்ச நேரம் அப்பாவின்ரை கதிரையிலை இருப்பார் எண்டு. அழேல்லை. அந்த மாமா அப்பாவின்ரை செருப்பையும் போடுவாரோ எண்டு மட்டும் கேட்டவள். இல்லை எண்டு சொல்லியிருக்கிறன். அதாலை, சப்பாத்தைக் கழட்டினாப் பிறகு நீங்கள் சொக்ஸோடையே இருங்கோ, அண்ணை. நிலம் ஐஸ் மாதிரி இருக்கும். அவன் கம்பியை மாத்தின உடனை சுடும்.