முதல் ஸ்டார்ட்

— ஏறி உக்காந்தாச்சுலா. இனி சாவியத் தொடுன்னு மட்டும் சொல்லாத, தாசு.

— மாடம்மாக்கா, ஏறினதே பாதி வேலை ஆக்கும். மீதியையும் முடிச்சிருவோம், கேட்டியளா? டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சாச்சு. சாவி அங்கதான் தொங்குது. ஒரு திருப்பு, அம்புட்டுதான்.

— நீ காலையில இருந்து வாசல்ல வந்து கெஞ்சுதியேன்னு ஏறுனேன். அவிய கடைசியாக் கைவச்ச வண்டில்லா. ஒருக்கா உக்காந்து பாத்துட்டு இறங்கிருதேன். குடைய நேராப் பிடி, முதுகு நனையுது பாரு.

— நனையட்டும். ஆசான் பிரிச்சுப் போட்டுட்டுப் போன எஞ்சின். நானாக்கும் திரும்பப் பூட்டினேன். ஒவ்வொரு போல்ட்டு முறுக்கும்போதும், "சத்தியதாசே, பதுக்க, மெள்ள"ன்னு பின்னால நின்னு பறையுத மாதிரியே இருந்துச்சு. எல்லாம் சரியா வந்திருக்கு. ஆனா லாரிக்கார நயினார் கேக்க மாட்டேங்கான். அக்கா முதல் ஸ்டார்ட் குடுக்காம வண்டி ஈஞ்சக்கல் சந்திப்பைத் தாண்டாதாம்.

— அவன் எங்க?

— எதிர தட்டுக்கடையில சாயா குடிக்கான். நீங்க மாட்டேன்னுட்டா வண்டியக் கயிறு கட்டி நாகர்கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிருவேங்கான்.

— போகட்டும்.

— போனா பின்ன ஒருத்தன் வருவானா அக்கா? திரவியம் ஆசான் ஒர்க்‌ஷாப்புல பூட்டின வண்டி, செத்த மாடு மாதிரி இழுபட்டுப் போச்சுன்னு சாலை மார்க்கெட் முழுக்கப் பேச்சாயிரும். வாழைக்குலை லோடு அடிக்கவன், தேயிலை லோடு அடிக்கவன், ஒருத்தனும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டான். நான் ஷட்டரை இறக்கிட்டு வேற எங்கயாவது ஸ்பானர் பிடிக்கணும். நீங்க பெங்களூருல மக கௌசல்யா பிளாட்டுல போய் டிவி பாக்கணும்.

— அவளும் நித்தம் போன் பண்ணிக் கூப்பிடுதா. அங்க எட்டாவது மாடியாம். கீழ ரோடு தெரியுமாம், சத்தமே வராதாம்.

— உங்களுக்கு அது ஆவுமா?

— ஆவுதோ ஆவலியோ. தாசு, நீயே யோசி. நயினார் பொண்டாட்டி வயித்துப் பிள்ளையோட இருக்கா. தாலியக் கழட்டின கையால அவ புருசன் வண்டிய நான் ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கவா? நாளைக்கு அந்த ஆரியங்காவு வளைவுல ஒண்ணு ஆச்சுன்னா, யாரு கை பட்டுச்சுன்னு கேப்பாவளா, கேக்க மாட்டாவளா?

— வண்டிக்காரன் அவனே கேக்கலியே அக்கா. அவன் பொண்டாட்டியும் உங்க கைதான் வேணும்னு சொல்லி விட்டிருக்கா.

— அது அவ பெரிய மனசு. எனக்கு நெஞ்சு வர மாட்டேங்கு.

— ஷரி. சாவிய விடுங்க. வெறுமன இருங்க. மழை விடட்டும்.

— என்ன மழையோ. பெய்யுதா, நிக்குதான்னே தெரியல. பைபாஸ் பக்கம் ஒண்ணும் தெரியாம வெள்ளையா இருக்கு. கனவுலயும் இப்படித்தான் இருக்கு.

— கனவா?

— அவிய வாராவ. நேத்தும் வந்தாவ. இந்த வாசல்லதான் நான் நிக்கேன். ரோட்டுல லாரியா போயிக்கிட்டே இருக்கு. ஒரு சத்தம் இல்ல. தரையில படாம போற மாதிரி போவுது. நடுவுல அவிய, அந்தக் காக்கி நிக்கரு, தோள்ல துணி, கையத் துடைச்சுக்கிட்டே வாராவ. வாய் அசையுது. நான் பாத்துக்கிட்டே நிக்கேன். எனக்கு அழுகையும் வரல, ஒண்ணும் வரல. நல்லா இருக்கு. முழிச்சா தலைக்கு மேல விமானம் இறங்குத இரைச்சல்.

— ஆசான் என்ன பறைஞ்சாரு?

— சோறு எடுத்து வைன்னு இருக்கும். வேற என்ன சொல்லுவாவ. இருந்த காலத்துல அதுக்கு மேல பேச எங்க நேரம் இருந்துச்சு?

— அது உள்ளதாக்கும். விடியும்போது வண்டிக்கு அடியில போனா, சோத்துக்குத்தான் வெளிய வருவாரு.

— பிள்ளையளுக்கு அப்பான்னா ரெண்டு காலு. கௌசல்யா ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது, அச்சனை வரைஞ்சு கொண்டு வரச் சொல்லியிருக்கா டீச்சர். இவ ஒரு லாரிய வரைஞ்சு, அதுக்கு அடியில ரெண்டு காலு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்க மாதிரி வரைஞ்சிருக்கா. டீச்சர் பதறிப்போயி, "குட்டியுடெ அச்சனு எந்து பற்றி"ன்னு எனக்குச் சொல்லி விட்டா.

— ஆசானுக்கு என்னம்மோ ஆயிருச்சுன்னு நினைச்சிருப்பா, பாவம்.

— அவியகிட்டச் சொன்னேன். சிரிச்சாவ. அன்னைக்கு ராத்திரி காலத் தேச்சுத் தேச்சுக் கழுவுனாவ, பிள்ளை பாக்கதுக்கு நல்லா இருக்கட்டும்னு. அப்படி ஒரு மனுசன். ஞாயித்துக்கிழமை ஆனா எங்களச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவாவ. பிள்ளையள் தண்ணியில ஆடும். இவிய மணல்ல சாஞ்சதும் தூங்கிருவாவ. அலை வந்து காலத் தொட்டாத்தான் எந்திரிப்பாவ. தூங்குத அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு நான் உக்காந்திருப்பேன். எனக்கு அது போதும்னு இருக்கும், தாசு. வேற ஒண்ணும் வேண்டாம்னு இருக்கும்.

— அக்கா.

— என்ன?

— நான் ஒண்ணு பறையப் போறேன். சொல்லப்பிடாதுன்னு ஆசான் எனக்க தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கின விசயம். ஆளு போயாச்சு. மாதா எனக்க பேர்ல கோவப்பட மாட்டா.

— என்னடே, பயம் காட்டுத?

— இந்த முதல் ஸ்டார்ட்டு. ஒவ்வொரு எஞ்சின் பூட்டி முடிச்சதும் உங்களை அடுப்படியில இருந்து கூப்பிட்டு விடுவாருல்லா? மாடம்மாக்காவுக்குக் கைராசின்னு தென்காசியில இருந்து விதுரா வரைக்கும் ஓட்டுநரெல்லாம் நம்புதாவல்லா? கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆசானுக்குக் காது கேக்காது அக்கா.

— ம்.

— வருசக்கணக்கா சம்மட்டிச் சத்தமும் எஞ்சின் சத்தமும் தின்னு தீத்த காது. ஒருநாள் அவரு முதுகுக்குப் பின்னால ஜாக்கி கைதவறி விழுந்துச்சு. பக்கத்துக் கடைக்காரன் ஓடி வந்தான். ஆசான் திரும்பல. அன்னைக்கு எனக்கு மனசிலாச்சு. கேட்டேன். மொதல்ல அடிக்க வந்தாரு. பின்ன சொன்னாரு, "நான் எஞ்சினைக் கேக்கல தாசே, அவ முகத்தைப் பாக்கேன். சத்தம் சரியில்லன்னா அவளுக்குப் புருவம் சுருங்கும். சரின்னா, உதடு ஓரத்துல ஒரு சிரிப்பு வரும். அது பொய் சொல்லாது"ன்னு.

— அப்படியா சொன்னாவ?

— மாதா சத்தியம். கௌசல்யா ஹாஸ்டலுக்குப் போன அன்னைக்கு நீங்க அழுதுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுனது ஓர்மை இருக்கா? ஜம்முன்னு ஓடின எஞ்சின் அக்கா அது! உங்க மூஞ்சியப் பாத்துட்டு, பிரிடான்னுட்டாரு. முழுசாப் பிரிச்சோம். ஒரு கோளாறும் கிடைக்கல. கண்டிப்பா எங்கயோ இருக்குன்னு தேடிக்கிட்டே இருந்தாரு. எனக்குச் சிரிக்கவும் முடியல, சொல்லவும் முடியல.

— மறுநாள் சிரிச்சுக்கிட்டே திருப்புனேன்லா.

— ஓ. அதுக்கப்புறம்தான் வண்டிய விட்டாரு. இப்ப மனசிலாச்சா? ராசியும் தாலியும் ஒண்ணும் கிடையாது. உங்க கையில ஒரு தோசமும் இல்ல. நயினாருக்கும் அவன் பிள்ளைக்கும் ஒண்ணும் வராது. திருப்புங்க அக்கா.

— தெரியும் தாசு.

— எது தெரியும்?

— அவியளுக்குக் கேக்காதுங்கது. உனக்கு முந்தியே தெரியும். சோறு போட்டுக்கிட்டு இருக்கேன், ஓட்டுக்கு மேல விமானம் போவுது. பாத்திரமெல்லாம் நடுங்குது, கைப்பிள்ளை அலறுது. இவிய பாட்டுக்குக் குழம்பு ஊத்திப் பிசையுதாவ. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு. பின்ன நான் முதுகு காட்டிக்கிட்டுப் பேசதையே விட்டுட்டேன். எது சொன்னாலும் முன்னால வந்து நின்னுதான் சொல்லுவேன்.

— கேட்டதே இல்லியா?

— எப்படிக் கேக்க? காது கேக்காத மெக்கானிக்குகிட்ட எவன் வண்டி விடுவான்னு அந்த மனுசனுக்கு உள்ளுக்குள்ள நடுக்கம். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா முகம் வாடிரும். அடுப்படியில நின்னுக்கிட்டே ஒவ்வொரு வண்டியா காதுல வாங்கிப் பழகுனேன். ஒழுங்கா ஓடுனா சிரிப்பேன். எங்கயாவது தட்டுச்சுன்னா புருவத்தச் சுருக்குவேன். நல்லாவே சுருக்குவேன், கண்ணாடிக்கு வெளிய நிக்காவல்லா, தெரியணுமே.

— அட என் மாதாவே. அப்ப ரெண்டு பேரும்...

— ஆமா. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாதுன்னே நடந்துக்கிட்டோம்.

— பின்ன இந்தத் தாலி, நயினார் பொண்டாட்டின்னு பறைஞ்சதெல்லாம்?

— ஊருக்குச் சொல்ல அது ஒரு சாக்கு. கேட்டவுடன சரின்னு போயிருவாவல்லா.

— அப்ப எதுக்கு அக்கா தொட மாட்டேங்கிய?

— சாவியத் திருப்பிட்டு நிமிந்து பாப்பேன், தாசு. ரேடியேட்டருக்கு முன்னால நின்னு என் முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பாவ. கண்ணு இமைக்க மாட்டாவ. கல்யாணத்தன்னைக்குக் கூட அப்படிப் பாக்கல. சாகுமட்டும் அந்த மனுசன் என்னைப் பாத்ததெல்லாம் அங்க நின்னுதான். இப்ப நான் திருப்பிட்டு நிமிந்தா, அங்க யாரு நிப்பா?

— நான் நிக்கேன் அக்கா.

— உனக்குத்தான் காது கேக்குமே. என் முகம் உனக்கு எதுக்கு?

...

— இதா பாருங்க. கை துடைக்க பஞ்சு. ரெண்டு காதுலயும் திருகி அடைச்சாச்சு. குடையையும் கீழ போட்டேன். இனி இந்த எஞ்சின் அழுதாலும் எனக்குத் தெரியாது, சிரிச்சாலும் தெரியாது. உங்க முகம் சொன்னாத்தான் வண்டி போவும், இல்லன்னா திரும்பப் பிரிப்பேன்.

— ஏ கிறுக்கா, மழையில நின்னு காய்ச்சல் வரவா? அதை எடு மொதல்ல.

— கேக்கல அக்கா!

— எடுன்னு சொல்லுதேன்லா.

— ஒண்ணும் கேக்கல!

— இரு, இரு. கண்ணாடி உள்பக்கம் பூரா ஈரமா இருக்கு. முந்தானையால துடைச்சுக்கிடுதேன். முகம் தெரியணும்லா.