போர்டு பச்சை காட்டின ஆறு வருஷம்

இல்ல சார், காத்த அளக்கற மெஷினுக்கு ஒண்ணும் இல்ல. அந்த ஸ்க்ரூடிரைவரப் பையிலேயே வைங்க. ஆறு வருஷமா பச்சை காட்டிச்சு, ஒருத்தர் ஏன்னு கேக்கல. மூணு வாரமா சிவப்பு காட்டுது, உடனே ரிப்பேர்னு ஓடி வந்துட்டீங்க. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!

பார்த்து ஏறுங்க, அந்தப் படி ஆடும். கைப்பிடியத் தொட்டா கை கரியாயிடும். நேத்துதான் துடைச்சேன். அதோ, நாலு புகைபோக்கி தெரியுதா? அதுக்கு நேர் கீழ உக்காந்துகிட்டு இது காத்து சுத்தம்னு சொல்லிச்சு, நீங்களும் ஆபீஸ்ல ஏசியப் போட்டுக்கிட்டு நம்பினீங்க. கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பான்.

இருமலா? தண்ணி குடிங்க. பத்து நிமிஷத்துக்கே இப்படின்னா, நாங்க இங்கயே குடியிருக்கோம்.

அந்தக் குழாய் வாய் இருக்கே, அதுதான் காத்த இழுக்கும். உள்ள ஒரு வெள்ளை நாடா. அதுல படியற தூசிய அளந்து தெருமுனை போர்டுக்கு அனுப்பும். பச்சைன்னா வெளிய போகலாம், சிவப்புன்னா கதவ சாத்திக்கணும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

என் வீட்டுக்காரிக்கு மூச்சு இரைப்பு சார். பச்சையா இருந்தா தினம் அரை மணி நேரம் நடம்மா, சிவப்புன்னா வாசலத் தாண்டாதன்னு டாக்டர் சொல்லிட்டார். அவ ஒரு நாள் விடல. இன்னைக்கு வேணாம்டின்னா, நீங்க பார்த்துக்கற மெஷின நீங்களே நம்பலன்னா ஊர்ல எவன் நம்புவான்னு சிரிப்பா.

இப்ப என்ன மாறிச்சா? அந்தக் குழாய் வாய்ல நாலா மடிச்ச துணி கட்டியிருந்துச்சு சார். வாரத்துக்கு ஒண்ணு மாத்தணும். அளவு கூடினா ஃபேக்டரிய மூடிடுவாங்க, தெருவே பட்டினி கிடக்கும்னாரு மேனேஜர். உங்களுக்கு முன்னாடி இருந்த அதிகாரி கண்ணால பார்த்தார். மழைத்தண்ணி போகாம இருக்கக் கட்டினதான்னு அவரே கேட்டு, அவரே தலையாட்டிட்டு இறங்கிப் போனார். படிச்ச மனுஷன்!

துணியா? எங்க வீட்டுத் தலையணை உறைதான். மெஷின் துடைக்கணும்னு பொய் சொல்லி வாங்கிட்டு வருவேன். கரியாத்தான் திரும்பிப் போகும். ஏங்க, ஒரு மெஷின இவ்வளவு அழுக்காவா வெச்சிருப்பீங்கன்னு திட்டிக்கிட்டே துவைச்சுக் குடுப்பா. குடுத்துட்டு, செருப்ப மாட்டிக்கிட்டு நடக்கப் போயிடுவா.

கட்டினது யாரா? மாடிச் சாவி என்கிட்ட மட்டும்தான் சார் இருக்கு. உங்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், என்னை மாதிரி ஈனப்பய இந்தத் தெருவுலயே கிடையாது. அவுத்ததும் நான்தான். அவள அடக்கம் பண்ணிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்கதான் ஏறி வந்தேன்.