கட்டிலுக்குக் கீழே மாம்பழக் கூடை

பாரிஸில், எங்கள் லா சப்பலில் யார் விடுமுறைக்கு எங்கே போகிறார்கள் என்பது, அவர்கள் பெட்டி அடுக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும், ஐயா. கோசலை கென்யாவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறாள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. மகன் துஷ்யந்தன் தாய்க்கும் தகப்பனுக்கும் எடுத்துக்கொடுத்த பயணம். தகப்பன் குலசேகரத்தாருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, அவருக்குப் பதிலாக நான் போனேன். கோசலைக்கு முப்பது வருடத்தில் பொன்ஜூரைத் தாண்டிப் பிரெஞ்சு வரவில்லை. ஹோட்டலில் அறை துப்பரவாக்கும் எனக்கு நன்றாக வரும்.

அவள் மகள் மிருணாளினிக்குப் பேசிய கலியாணம் குழம்பியிருந்தது. அந்தப் பிள்ளை ஒபர்வில்லியேயில் ஒரு பொடியனோடு இருக்கிறாள் என்று மாப்பிள்ளையின் தாயிடம் சொன்னது நான். பஸ்ஸில் நான் கண்டது வேறு பிள்ளை என்று பிறகு தெரிந்தது. அதற்காக வீடு வீடாகப் போய்த் திருத்திக்கொண்டு திரியலாமா, சொல்லுங்கள்.

பூங்காவுக்குப் போகும் ஜீப்பில் கோசலை சொன்னாள்: "புஸ்பமக்கா, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின்ரை தாய் வீட்டை வாறா. ஆர் அந்தக் கதையைக் காவினதெண்டு பேர் சொல்லுவாவாம். ஆளைக் கோயில்லை வைச்சு, சனத்துக்கு முன்னாலை கேப்பன்."

"கேக்கத்தான் வேணும்" என்றேன். வெளியே வரிக்குதிரைகள் நின்றன. கோசலை படம் எடுத்தாள். நான் ஞாயிற்றுக்கு எத்தனை நாள் என்று எண்ணினேன்.

அது கந்தசஷ்டி. ஆறு நாளும் பழம் மட்டும் சாப்பிடுகிற கோசலை, வழியில் ஒரு கூடை மாம்பழம் வாங்கியிருந்தாள். பிரெஞ்சுக்காரர் நடத்தும் விடுதியில் எங்களுக்குத் துணிக் கூடாரம். பொறுப்பாளர் பிரெஞ்சில் விதிகளைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். தனியே நடக்கக் கூடாது. மிருகங்களுக்குத் தீன் போடக் கூடாது. கூடாரத்துக்குள் பழம் வைக்கவே கூடாது, யானை வாசம் பிடித்து வந்து கிழிக்கும் என்றும் சொன்னார். அதை நான் சொல்லவில்லை.

கோசலைக்கு ஒரு சொல் பிடிபட்டுவிட்டது. "யானையைப் பற்றி ஏதோ சொன்னவர்?"

"ஆத்தடியிலை நிக்குமாம். இஞ்சை வராதாம்."

"வந்தாலும் பிள்ளையார்தானே அக்கா" என்று சிரித்தாள்.

குரங்கு தூக்கிவிடும், கூடையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளு என்றேன். தள்ள நானும் கை கொடுத்தேன்.

மத்தியானம் அவள் விரதக் களைப்பில் படுத்துவிட்டாள். நான் சாப்பிடப் போனேன். சாப்பாட்டு விறாந்தையில் இருந்து பார்த்தால் எங்கள் கூடாரம் தெரியும். யானை தனியாக வந்தது, அவசரமே இல்லாமல். ஆபத்தென்றால் அடிக்கச் சொல்லி என் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு மணி தொங்கியது. பரிமாறுகிறவர் குசினிக்குள் போயிருந்தார். யானை தும்பிக்கையால் துணியைத் தடவிப் பார்த்தது. நான் மணிக் கயிற்றைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். கோசலை என் பெயரைத்தான் கூப்பிட்டாள், இரண்டு தரம்.

ஓம் ஐயா, கொன்றது நான்தான். யானையைக் குற்றம் சொல்லி என்ன. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: தாய் போன செய்தியை மிருணாளினிக்கு முதலில் போன் எடுத்துச் சொன்னவள் நான். அப்படியான செய்தியை வேறு யார் அவ்வளவு பக்குவமாகச் சொல்லியிருப்பார்கள்?