மாமியாருக்கு அனுப்பின பால்கட்டி

தட்டுல அந்த வடுவைப் பாத்தேன் பாருங்கம்மா, அப்பவே எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஏன்னா அது என் பால்கட்டி, எங்க பேச்சுல வகாசிம்போம். நான் காய்ச்சி, நான் வடிச்சு, நான் சிவப்பேத்தி, மாமியாருக்குன்னு என் புருஷன் கையில குடுத்தனுப்பின வகாசி! அது எப்படிம்மா உங்க கடல்கரைக் கோட்டனூ பஸ் ஸ்டாண்டு சாப்பாட்டுக் கடையில, முன்னப்பின்ன தெரியாத ஒரு பொம்பள எனக்கே பரிமாறுற தட்டுல வந்து உக்காரும்?

ஐயய்யோ, பால்கட்டிக் கூடையை மூடாதீங்க மூடாதீங்க! பஸ்ல வந்த சூட்டோட மூடினா வேர்த்து ஊத்தி, கொழகொழன்னு போயிரும். திறந்தே இருக்கட்டும், நல்லா ஆறட்டும். வாங்கினா எத்தனை நாள் தாங்கும்னு நீங்கதானே கேட்டீங்க? காலையில எந்திரிச்சதும் உப்புத் தண்ணியில ஒரு கொதி, அவ்ளோதான். ஆனா தெனமும் செய்யணும். சோம்பல்பட்டு ஒருநாள் விட்டீங்க, மறுநாள் தெருவே உங்க வீட்டைத் திரும்பிப் பாக்கும். பிளாஸ்டிக் பையில மட்டும் கட்டிவச்சிராதீங்க, மூச்சு முட்டிச் செத்துரும். சிரிக்காதீங்கம்மா, நெசமாத்தான்.

வடுவா? இந்தா, இதைத் திருப்பிப் பாருங்க. முதுகுல பூரான் ஊர்ந்த மாதிரி ஒரு கோடு இருக்கா? பால் திரிஞ்சதும் சின்னக் கூடையில ஊத்தித்தான் வடிய விடுவோம். என் கூடையில ஒரு நார் அத்துப்போச்சு, கம்பியை வச்சுக் கட்டினேன். அன்னையிலேருந்து நான் செய்ற ஒவ்வொண்ணு முதுகுலயும் இந்தக் கோடு விழுந்துருது. பெத்த புள்ளையோட மச்சம் தாய்க்குத் தெரியாதா?

விரல்ல கட்டுப் போட்டிருக்கீங்களே, சட்டியைக் குடுங்க, நானே வறுத்துக் காட்டுறேன். முதல்ல நல்ல தண்ணியில அலசணும், உப்பு போகணும். இப்படி விரல் தண்டிக்கு வெட்டிக்கங்க. கடலெண்ணெய் நல்லாக் காஞ்சதும் போடுங்க, பயப்படாதீங்க, இது உருகுற சாதி இல்ல. நெருப்புக்கே அசையாது. நாந்தான் அசைஞ்சு போனேன்.

எதை ஊத்தித் திரிய வைப்போம்னு கேக்குறீங்களா? எருக்கு. எருக்கு இலையைக் கசக்கிப் பிழிஞ்சு பால்ல விடுவோம். விஷமா? அட, எங்க கொப்பாட்டி காலத்துலேருந்து திங்கிறோம், ஒருத்தரும் சாகலையே! பக்குவம் இருக்குல்ல. விஷத்தைக்கூட காய்ச்சினா சோறாக்கிரலாம்மா. மனுஷனைத்தான் என்ன காய்ச்சினாலும் ஒண்ணும் ஆக்க முடியல.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் வடக்க, பராகுப் பக்கம். மாடு வளக்குற ஃபுலானி ஆளுங்க நாங்க. எம்பேரு கும்போ. அவரு உங்க ஊர்ப்பக்கம், லாரி ஓட்டுறாரு. எங்க அண்ணன்மாருங்க வேணாம் வேணாம்னு குதிச்சாங்க. கடல்கரைக்காரனை நம்பாதடின்னாங்க. நான் கேட்டேனா? ரெண்டு வருஷம் ஆச்சு கட்டிக்கிட்டு. ஆனா மாமியார் முகத்தை ஒருநாள் பாத்ததில்ல. கூட்டிட்டுப் போங்கன்னா, எங்கம்மா உன்னை ஏத்துக்கல கும்போ, சாணி நாத்தம் அடிக்கிற பொண்ணு என் வாசப்படி மிதிக்கக் கூடாதுங்குது, கொஞ்சம் பொறுன்னுவாரு. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே வராது. என்ன செய்ய? பேச்சால முடியல, கையாலயாவது மனசை இளக்குவோம்னு வாரம் ஆறு பால்கட்டி குடுத்தனுப்ப ஆரம்பிச்சேன். எங்க வழக்கத்துல மாடு ஆம்பளைது, பால் பொம்பளைது. அந்தப் பால் ஒண்ணுதாம்மா எனக்குன்னு இருந்த சொத்து. அதுல நல்லதை அவங்களுக்கு அனுப்பிட்டு, மிச்சத்தைத்தான் சந்தைக்குக் கொண்டுபோவேன். ஒரே ஒரு தடவை அவங்க என்னை மருமகளேன்னு கூப்பிட்டுரணும். வேற என்ன கேட்டேன்?

இந்தாங்க, இந்தத் துண்டைச் சாப்பிட்டுப் பாருங்க. ஊதி ஊதி. நல்லாருக்கா? நெசமாவா?

ஏம்மா, பராகுலேருந்து யாரும் உங்களுக்கு இதைக் கொண்டாந்து குடுத்ததில்லையா? ஒரு தடவைகூட? இல்லையா... சரி சரி. ஒண்ணுமில்ல, எண்ணெய்ப் புகை, கண்ணுல பட்டுருச்சு.

எங்க விட்டேன்? ஆங். மொத வாரம் சேதி வந்துச்சு, அம்மா சாப்பிட்டுச்சு, ஆனா உப்பு தூக்கலா இருக்காம். எனக்குத் தலைகால் புரியல. குறை சொல்றாங்கன்னா சாப்பிட்டுருக்காங்கதானே! உப்பைக் குறைச்சேன். அடுத்தது, சிவப்பு போதலையாம். சோளத்தட்டையோட செந்தோலை இன்னும் ரெண்டு கைப்பிடி போட்டு வேகவச்சேன். அப்புறம், பெருசா இருக்கு, சின்னதாப் பிடிக்கச் சொல்லுன்னாங்களாம். பிடிச்சேன். அப்புறம் ஒருநாள், அம்மாவுக்குப் பல்லு இல்ல, மெத்துன்னு இருந்தா நல்லதுன்னாரு. நான் எத்தனை பானைப் பாலை வீணடிச்சு அந்த மெத்து பழகுனேன்னு தெரியுமா? எங்க அண்ணி கேலி பண்ணுவா, கும்போ புருஷனைக் கட்டல, மாமியாரைத்தான் கட்டியிருக்கான்னு.

போன வாரம்தான் அந்தச் சேதி வந்துச்சு. மருமக கைப்பக்குவம் மாதிரி வராதுன்னு அம்மா சொல்லுச்சாம். மருமகள்னே சொன்னாங்களான்னு மூணு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஆமாங்கறாரு, கண்ணைப் பாத்துச் சொல்றாரு! அதுக்குமேல எனக்கு இருப்புக் கொள்ளல. அவருகிட்டச் சொல்லாம, பன்னெண்டு பால்கட்டி செஞ்சு, புதுத்துணி உடுத்திக்கிட்டு பஸ் ஏறிட்டேன். கால்ல விழுந்துரலாம்னு. வந்து இறங்கினா பசி. அஃபியாவின்னு ஒரு அக்கா கடை, களியும் குழம்பும் வாங்கி உக்காந்தேன். குழம்புக்குள்ள என் கோடு!

எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். கண்ணாடிப் பெட்டியில அடுக்கி வச்சிருக்கா, எல்லாம் என்னுது. அக்கா இது எங்க வாங்குறீங்கன்னேன். அதுவா, ஒரு லாரிக்காரரு வாராவாரம் கொண்டாந்து போடுறாரு, வீட்ல பொண்டாட்டி செய்றாளாம், தங்கமான மனுஷன் தங்கச்சி, நம்ம கடைக்கு வர்றவங்க என்ன குறை சொன்னாலும் அடுத்த வாரமே சரிபண்ணிக் கொண்டாந்துருவாருன்னா.

புரியுதாம்மா? உப்பு ஜாஸ்தின்னது அங்க சாப்பிட வர்ற போலீஸ்காரரு. சின்னதா வேணும்னது அஃபியாவி, தட்டுல ரெண்டு வச்சா நிறைய மாதிரி தெரியுமாம். மூலையில ஒரு வாட்ச்மேன் தாத்தா, பொக்கை வாயி, மெத்து மெத்துன்னு மென்னுக்கிட்டே என்னைப் பாத்துச் சிரிக்கிறாரு. ரெண்டு வருஷமா நான் பாலைக் காய்ச்சிக் காய்ச்சி மனசை இளக்குனது அந்தத் தாத்தாவைத்தாம்மா! அவருதான் என் மாமியாரு!

சிரிங்க சிரிங்க, நானும் அங்க சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே நடுக்கடையில உக்காந்து அழுதேன்.

வித்ததுக்கு இல்லம்மா. காசு வேணும்னா என்கிட்டக் கேட்டிருக்கலாம், பன்னெண்டா செஞ்சு குடுத்திருப்பேன். மருமகள்னு ஒரு வார்த்தையை எடுத்து எனக்கே திருப்பி வித்தாரே, அதைத்தான் முழுங்க முடியல.

என்னம்மா கேட்டீங்க? அவரு பேரா? எங்க ஆளுங்க புருஷன் பேரை வாயால சொல்ல மாட்டோம்மா. ஆளைத்தான் காட்டுவோம். அதோ, கதவுக்கு நேரா உங்க சுவத்துல ஒரு போட்டோ தொங்குதே, லாரி மூஞ்சியில சாஞ்சுக்கிட்டு, சட்டைப் பொத்தான் ரெண்டைத் திறந்து விட்டுக்கிட்டு. அவருதான்.

அடுப்பை அணைச்சுர்றேன். கருகுது.

அஃபியாவிகிட்ட லாரிக்காரரோட அம்மா வீட்டுக்கு வழி கேட்டுக்கிட்டு, விக்க வந்தவ மாதிரி வந்து உக்காந்ததுக்கு மன்னிச்சுக்கங்க. மருமகள்னு சொல்லிட்டு வந்திருந்தா இவ்ளோ பேசியிருக்க முடியாது. எங்க வழக்கத்துல மாமியார் முன்னாடி மருமக வாயைத் திறக்கக் கூடாது, பாதத்தைப் பாத்துத்தான் நிக்கணும். உங்களுக்கு என்னைப் பிடிக்குமோ பிடிக்காதோ, பால்கட்டி என் கையால உங்க வாய்க்குப் போயிருச்சு. அது போதும். இனி நான் பேசல. நீங்க போன்னா போயிர்றேன்.

என்னம்மா? என்ன மீனு?

நான் எப்பச் சொன்னேன் முள்ளு ஜாஸ்தின்னு? எந்த மீன்ல? புகைபோட்ட மீனா... வாராவாரம் ஒரு கூடையா? எனக்கா? ஐயோ அம்மா, நான் பராகு தாண்டினதே இன்னைக்குத்தான், கடல் மீனை மொத மொதல்ல அந்தக் கடையிலதான் கண்ணால பாத்தேன்! முள்ளு இருக்குன்னு மருமக மூஞ்சி சுளிச்சான்னா சொன்னாரு? அப்போ உங்க விரல்ல அந்தக் கட்டு... ஒவ்வொரு முள்ளா உருவி உருவித்தான் அனுப்புனீங்களா?

ஏம்மா... உங்களுக்குமா அந்த வார்த்தையை வித்தாரு?